வாடகை ஸ்கூட்டரில் மூன்று நாள்

புரசைவாக்கம், சென்னை
4-1-1963

அன்புள்ள சூசைமுத்து அவர்களுக்கு,

நானும் என் மனைவி மரகதமும் சுகமாக ஊர் வந்து சேர்ந்தோம். அரையாண்டு விடுமுறைக்குக் கொடைக்கானல் போவதாகக் கிளம்பி, பஸ்ஸில் இடம் கிடைக்காமல் திண்டுக்கல்லிலேயே தங்கிவிட்டவர்கள் நாங்கள். உங்கள் சைக்கிள் கடை வாசலில் அந்தப் பச்சை ஸ்கூட்டர் நின்றது எங்கள் அதிர்ஷ்டம். "வாடகைக்குன்னா அந்தா நிக்குது சைக்கிளு. இது என் சொந்த வண்டி சார், யாருக்கும் குடுக்கிறதில்ல" என்றீர்கள். நான் பள்ளிக்கூட வாத்தியார் என்று தெரிந்ததும் மறுபேச்சில்லாமல் சாவியை நீட்டினீர்கள். அதை மறக்க மாட்டேன்.

பதினோரு வருடமாகக் கரும்பலகையில் மதுரை ஜில்லாவை வரைந்து பூகோளம் நடத்துகிறேன். மலைக்குப் பழுப்பு, வயலுக்குப் பச்சை. அந்த இரண்டுக்கும் நடுவே இப்படியொரு காற்று அடிக்கும் என்று எனக்குத் தெரியாது. முதல் நாள் தாடிக்கொம்பு. பெருமாள் கோயில் தூண்களை விட்டு மரகதம் நகரவே இல்லை. இரண்டாம் நாள் கன்னிவாடி. சாலை நேரே போய் மலையில் முட்டுகிறது. அங்கே ஒரு டீக்கடைக்காரர், "எந்த ஊருக்குப் போகணும்?" என்று கேட்டார். "எந்த ஊருக்கும் இல்லை, சும்மா சுற்றிப் பார்க்க வந்தோம்" என்றேன். "சும்மாவா? சும்மா பாக்க இங்கன என்னப்பு இருக்கு, சோளமும் வெயிலுந்தான்" என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் சேவுகம்பட்டிப் பக்கம். பெரிய சாலையை விட்டு, தென்னந்தோப்புக்குள் போன ஒரு வண்டிப்பாதையில் இறங்கினோம். எந்த வரைபடத்திலும் இல்லாத பாதை. ஒரு பக்கம் கனகாம்பரத் தோட்டம், மறுபக்கம் வாய்க்கால். ஆள் நடமாட்டமே கிடையாது.

ஒரு சிறு விஷயம். திரும்பும் வழியில் ஆடு ஒன்று குறுக்கே வந்துவிட்டது. முன்விளக்குக் கண்ணாடி கீறிவிட்டது, மட்கார்டிலும் ஒரு நசுங்கல். ஆட்டுக்கு ஒன்றுமில்லை, எழுந்து ஓடிவிட்டது. அன்று மாலை நீங்கள் மாதா கோயிலுக்குப் போயிருந்ததால் சாவியை உங்கள் வீட்டம்மாவிடம் கொடுத்தேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டபடியால் இதைச் சொல்ல விட்டுப்போயிற்று.

மரகதத்துக்குப் பயணக் களைப்பு. சரியாகச் சாப்பிடுவதில்லை. மற்றபடி எல்லோரும் நலம்.

தங்கள்,
தனகோபால்

*

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
9-1-1963

மரியாதைக்குரிய சாருக்கு சூசைமுத்து எழுதிக்கொண்டது.

உங்கள் கடிதம் வந்தது. அதை இரண்டு முறை படித்து, என் வீட்டுக்காரி அமலராணிக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் ஊரை இவ்வளவு அழகாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறேன், கடை வாசலில் போலீஸ்காரர் இரண்டு பேர் ஸ்கூட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் மூன்று மணிவாக்கில், சேவுகம்பட்டிப் பக்கம் வண்டிப்பாதையில் ஒரு பெண்பிள்ளையை ஸ்கூட்டர் இடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. பெயர் ஜக்கம்மாள். பூ எடுக்கிற வேலை. பொழுது சாய ஒரு மாட்டுவண்டிக்காரர் பார்த்துத்தான் தூக்கி வந்திருக்கிறார். அதுவரை அந்த அம்மாள் வாய்க்கால் ஓரத்திலேயே கிடந்திருக்கிறது. இப்போது இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் இருக்கிறது. பச்சை ஸ்கூட்டர் என்று தோப்புக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பச்சை ஸ்கூட்டர் என்னுடையது ஒன்றுதான்.

அன்று வண்டி யாரிடம் இருந்தது என்று கேட்டார்கள். மெட்ராஸ்காரர் ஒருவர் வாங்கிப்போனார் என்றேன். பெயர், விலாசம் கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது சார். ஆடு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வாத்தியார் கையெழுத்துப் போட்டு எழுதியதை, அவரை ஒரு வார்த்தை கேட்காமல் போலீஸ் கையில் எப்படிக் கொடுப்பது?

அதனால்தான் கேட்கிறேன். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மட்கார்டு நசுங்கலைத் தட்டி எடுக்கும்போது, இடுக்கில் ஒரு விரல்நீளத்துக்குத் துணி மாட்டியிருந்தது. சிவப்புத் துணி. ஓரத்தில் மஞ்சள் கரை. ஆட்டுக்கு ஏது சார் சேலை?

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. உடனே பதில் போடவும்.

சூசைமுத்து

*

சென்னை
13-1-1963

திரு. சூசைமுத்து அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்டு திகைத்துப்போனேன். ஒரு துண்டுத் துணியை வைத்துக்கொண்டு என்னிடம் இப்படிக் கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அந்தத் துணி எப்போது மாட்டியதோ, எங்கே மாட்டியதோ. வண்டியை நாங்கள் விட்டுப்போன பிறகு வேறு யாரும் எடுக்கவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஆடுதான். நான் பார்த்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன். சொந்த வண்டியை அனுமதி இல்லாமல் வாடகைக்கு விடுவது குற்றம். விசாரணை என்று வந்தால் அந்தக் கேள்வியும் வரும். உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். என் முதல் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஊர்க்கதை எழுதிய கடிதம், யாருக்கு என்ன பிரயோஜனம்? எனக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருக்கிறது. வருகிற ஜூனில் தலைமையாசிரியர் பதவிக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். இந்த நேரத்தில் போலீஸ் கடிதாசி ஒன்று பள்ளிக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த அம்மாள் எப்படி இருக்கிறார்? நினைவு வந்துவிட்டதா? பேசுகிறாரா?

தனகோபால்

*

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
18-1-1963

சாருக்கு,

போகிப் பண்டிகை அன்று காலையில் என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள். பொங்கல் கழிந்து மூன்றாம் நாள்தான் விட்டார்கள். வண்டி அங்கேயே நிற்கிறது. அடிக்கவில்லை. ஆனால் நாற்பத்திரண்டு வயதில், தெரிந்தவர்களெல்லாம் போகிற வருகிற பாதையில், ஸ்டேஷன் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தேன். அமலராணி சாப்பாடு கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். "அந்தக் கடுதாசியை நீட்டிட்டு வீட்டுக்கு வாங்க" என்று அவள் தினமும் சொல்கிறாள். நான் கிழிக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை.

ஜக்கம்மாளின் வலது காலை எடுத்துவிட்டார்கள் சார். முழங்காலுக்குக் கீழே. புண் புரையோடிவிட்டதாம். "இடிபட்ட உடனே கொண்டாந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம், கிடந்த கிடைதான் கெடுத்துச்சு" என்று டாக்டர் அவள் புருஷன் ஒச்சப்பனிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஒச்சப்பன் நேற்று என் கடைக்கு வந்தார். கத்துவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். வண்டி நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது. அதையே செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டார்.

ஒரு சாட்சி இருக்கிறான். சங்கிலி என்று பெயர், அந்தத் தோப்புப் பக்கம் ஆடு மேய்க்கிறவன். அன்று அவனுடைய ஆடு ஒன்றுகூட அடிபடவில்லை என்று சொன்னான். நானாகத்தான் கேட்டேன்.

அவன் வாய்க்காலுக்கு அப்பால் தூரத்தில் இருந்து வண்டி போனதை மட்டும் பார்த்திருக்கிறான், இடித்தது அவன் கண்ணில் படவில்லை. இன்ஸ்பெக்டர் என் முன்னால்தான் அவனை விசாரித்தார். "ஓட்டுனது யாருடா? இந்த ஆளா?" என்றார். "இவரு இல்லீங்க. பொம்பளைங்க. சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு ஒரு பொம்பளைதான் ஓட்டியாந்துச்சு. ஆம்பள பின்னாடி உக்காந்திருந்தாரு" என்றான். இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பில் ஸ்டேஷனே அதிர்ந்தது. "கள்ளு குடிச்சுட்டு ஆடு மேய்ச்சா ஆடுகூட ஸ்கூட்டர் ஓட்டுற மாதிரித்தான்டா தெரியும்" என்று சொல்லி அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அங்கே எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெளியே வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சங்கிலி குடிக்கிறவன் இல்லை என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். அந்த அம்மாளின் காலில் ஒரு கட்டுப் போட்டிருந்ததாம், நல்ல நூல் சேலையைக் கிழித்து. யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இடித்துவிட்டு ஓடுகிறவர்கள் கட்டுப் போட்டுவிட்டு ஓடுவார்களா?

திங்கட்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். சங்கிலி மிரண்டுபோய், "இவராத்தான் இருக்கும்" என்று என்னைச் சொல்லிவிடுவான் போலிருக்கிறது. எனக்கு இரண்டு பெண்பிள்ளைகள். உண்மையைச் சொல்லுங்கள் சார்.

சூசைமுத்து

*

சென்னை
22-1-1963

அன்புள்ள சூசைமுத்து அவர்களுக்கு,

கால் போய்விட்டது என்ற வரியைப் படித்த பிறகு அன்று என்னால் வகுப்புக்குப் போக முடியவில்லை. இனி மறைத்துப் பயனில்லை. நீங்கள் மாதாவைக் கும்பிடுகிறவர், இதை உங்களோடு வைத்துக்கொள்வீர்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

ஆடு இல்லை. சங்கிலி சொன்னது சரி. ஓட்டியது மரகதம்.

மூன்று நாளாகப் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவள், அந்தப் பாதையில் ஆளே இல்லாததைப் பார்த்து, "எனக்கும் ஒரு தடவை கொடுங்களேன்" என்றாள். அவள் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். மறுக்கத் தோன்றவில்லை. அரை மைல் நன்றாகத்தான் ஓட்டினாள். சிரித்துக்கொண்டே ஓட்டினாள். வளைவில் அந்த அம்மாள் பூக்கூடையோடு தோட்டத்திலிருந்து ஏறி வந்தாள். மரகதத்துக்கு பிரேக் எது என்று அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

அதன்பின் மரகதம் பயத்தில் தன்வசம் இழந்துவிட்டாள். "போயிடலாம், போயிடலாம்" என்று அலறினாள். அவளை அந்த நிலையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய முடியும்? வண்டியை நான் வாங்கி ஓட்டிவந்தேன். இன்றுவரை அவள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

அவள் கோர்ட்டு வாசலை மிதித்தால் தாங்கமாட்டாள். ஒரு பெண்ணின் வாழ்க்கை. ஆகவே உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். சங்கிலி சொன்னதை அவர்கள் நம்பவில்லை அல்லவா? அப்படியே இருக்கட்டும். உங்கள்மேல் வழக்கு நிற்காது. நீங்கள் அன்று கடையிலும் மாதா கோயிலிலும் இருந்ததற்கு நூறு சாட்சி உண்டு. ஆறு மாதத்தில் எல்லாம் தானாக அடங்கிவிடும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடவும்.

தனகோபால்

*

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
26-1-1963

சாருக்கு,

வியாழக்கிழமை காலைத் தபாலில் உங்கள் கடிதம் வந்தது. மத்தியானம் உங்கள் மனைவி வந்தார்கள்.

நான் ஒரு ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். நிழல் விழவும் நிமிர்ந்தேன். கையில் ஒரு துணிப்பை, வேறொன்றும் இல்லை. "அம்மா, சார் எங்க?" என்றேன். "அவருக்கு நான் வந்தது தெரியாது. நீங்க எழுதின கடிதத்தை அவரோட பூகோளப் புத்தகத்துக்குள்ளே பார்த்தேன். அண்ணா, வண்டியை ஓட்டினது நான். இடிச்சது நான். ஸ்டேஷன் எந்தப் பக்கம்?" என்றார்கள்.

அமலராணி உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். தொடவில்லை. முதலில் அந்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார்கள். போகிற வழியெல்லாம் எனக்குப் பயம். ஒச்சப்பன் அங்கேதான் இருப்பார், வெட்டிப்போட்டாலும் ஆச்சரியமில்லை என்று நினைத்துக்கொண்டே போனேன்.

ஜக்கம்மாளுக்கு இரண்டு நாளாகத்தான் காய்ச்சல் விட்டு நினைவு தெளிந்திருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உங்கள் மனைவி நின்றார்கள். அந்த அம்மாள் உற்றுப் பார்த்தது. பிறகு சொன்னது:

"ஏத்தா, நீயா? வந்துட்டியா?"

ஒச்சப்பன் எழுந்து, "யாருடி இது?" என்றார்.

"தண்ணி குடுத்த புள்ள" என்றது ஜக்கம்மாள். "என்னைய இடிச்சதும் இதுதான், தண்ணி குடுத்ததும் இதுதான். வண்டியைப் போட்டுட்டு ஓடியாந்து என் தலையை மடியில வச்சுக்கிருச்சு. முந்தானையைக் கிழிச்சு, ரத்தம் நிக்கட்டும்னு கட்டுப் போட்டுச்சு. 'பயப்படாதீங்கம்மா, இந்தா இப்ப தூக்கிட்டுப் போயிருவோம்'னு சொல்லிக்கிட்டே அழுதுச்சு. அந்த ஆளு வந்து, வா வான்னு இழுத்தாரு. வரமாட்டேன்னு என் கையைப் பிடிச்சுக்கிருச்சு. அவருதான் குனிஞ்சு, ஒவ்வொரு விரலாப் பிரிச்சு விட்டாரு."

உங்கள் கடிதம் என் சட்டைப்பையில் இருந்தது சார். அது சுட்ட சூடு எனக்குத்தான் தெரியும்.

வெளியே வந்ததும் உங்கள் மனைவி கேட்டார்கள்: "அவர் உங்களுக்கு எழுதியிருப்பார். என்ன எழுதியிருக்கார்?" நான் கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் பொய் சொல்லவும் வாய் வரவில்லை. எடுத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் நின்றபடி படித்தார்கள். 'போயிடலாம், போயிடலாம் என்று அலறினாள்' என்ற வரியில் விரலை வைத்து மறுபடியும் படித்தார்கள். அழவில்லை. மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஸ்டேஷனுக்குப் போகலாம் அண்ணா" என்றார்கள்.

அங்கே போய், ஓட்டியது நான், இடித்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் தானாகக் கேட்டார், "கூட யாரும்மா இருந்தது?" என்று. "அதை அவரே வந்து சொல்வார்" என்றார்கள். இன்ஸ்பெக்டருக்கு இந்த முறை சிரிப்பு வரவில்லை.

ஊர்க்காரர்கள் இரண்டு பேர் ஜாமீன் நிற்க, கூட்டிவந்தோம். இப்போது எங்கள் வீட்டில் அமலராணியோடு இருக்கிறார்கள். என்னிடம் இரண்டு கடிதத்தில் பொய் சொன்னீர்கள் சார். அது போகட்டும், நான் யாரோ. மூன்றாவது கடிதத்தில் யாரைச் சொன்னீர்கள் என்று நினைத்தால்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

சூசைமுத்து

*

சென்னை
29-1-1963

சூசைமுத்து அவர்களுக்கு,

ஆமாம்.

ஒவ்வொரு விரலாகத்தான் பிரித்தேன். நாலு விரலைப் பிரித்ததும் ஐந்தாவது தானாகவே விட்டுவிட்டது.

ஏன் செய்தேன் என்று நாலைந்து தாள் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். எதுவும் உண்மை போலத் தெரியவில்லை. அந்த அம்மாள் கீழே கிடந்தபோது நான் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பாதையின் இரண்டு முனையையும்தான் பார்த்தேன். யாரும் வரவில்லை. யாரும் வரவில்லை என்றதும் என் மனம் எவ்வளவு வேகமாக வேலை செய்தது! லைசென்ஸ் இல்லாத மனைவி, வாடகை வண்டி, தலைமையாசிரியர் பதவி, இரவு ரயில். எல்லாம் ஒரு நொடியில் வரிசையாக வந்து நின்றன. நான் நல்லவன் என்றுதான் முப்பத்தெட்டு வருடமாக நினைத்திருந்தேன். அதைச் சோதித்துப் பார்க்கும்படியான ஒரு பாதை அதுவரை எனக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

திண்டுக்கல் வருகிறவரை வழியில் இரண்டு ஊர் வந்தது. ஒரு டீக்கடையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். வண்டியை நிறுத்தாமலே, "அங்கே ஒரு அம்மாள் அடிபட்டுக் கிடக்கிறாள்" என்று கத்திவிட்டுப் போயிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு அந்தக் கால் தப்பியிருக்கும். மரகதம் பின்னாலிருந்து, "சொல்லுங்க, அவங்ககிட்ட சொல்லுங்க" என்று என் முதுகில் அடித்தாள். நான் வேகத்தைக் கூட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். உங்கள் கடைக்கு வரமாட்டேன். நேரே ஸ்டேஷனுக்குப் போகிறேன்.

தனகோபால்

*

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்
4-3-1963

சாருக்கு,

நீங்கள் வந்து வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போன பிறகு என்னை யாரும் கூப்பிடுவதில்லை. சங்கிலியைக் கூப்பிட்டு அனுப்பி, "நீ சொன்னதுதான்டா சரி" என்று இன்ஸ்பெக்டரே சொன்னாராம். வண்டியைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அதை மிதித்துக் கிளப்ப எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் உங்களை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். சந்தோஷப்படவில்லை. உங்கள் வழக்கு ஏப்ரலில் தனியாக வருகிறது. உங்கள் மனைவியின் வழக்கு போன வாரம் முடிந்தது. அபராதம் போட்டு, கோர்ட்டு கலையும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்றார் நீதிபதி. உட்காரலாம் என்று பியூன் பெஞ்சைக் காட்டினார். உட்காரவில்லை. சாயங்காலம்வரை நின்றார்கள்.

மறுநாள் எங்கள் வீட்டிலிருந்து துணிப்பையை எடுத்துக்கொண்டு ஜக்கம்மாள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த அம்மாளை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியாயிற்று. கட்டை வைத்து நடக்கப் பழகுகிறது. "நீங்க நடமாடுற வரைக்கும் உங்க பூவை நான் எடுக்கறேன்" என்று வாசலில் நின்று கேட்டார்களாம். ஒச்சப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜக்கம்மாள்தான், "வரட்டும். பாவத்தைச் சுமக்கிறவளை வெளிய நிறுத்தி வச்சா எனக்கா கால் முளைக்கப்போகுது?" என்றதாம். மூன்றாம் நாள் ஒச்சப்பன் கூடையை எடுத்து நீட்டி, "மொட்டை விட்டுட்டு விரிஞ்சதை மட்டும் கிள்ளு" என்றாராம். நான் நேற்று போயிருந்தேன். வெயிலில் கறுத்துவிட்டார்கள். விரல் நுனியெல்லாம் காம்புக் கறை.

அன்று நீங்கள் வந்தபோது ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தீர்கள். ஆரஞ்சுப் பழப் பையை என் கையில் கொடுத்து, "நீங்களே கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டீர்கள். கொடுத்தேன். யார் கொடுத்தது என்று ஜக்கம்மாள் கேட்டது. சொன்னேன். "வாசல்ல நிக்கிறவுக பழம் எனக்கெதுக்கு? பக்கத்துக் கட்டிலுக்குக் குடுங்க" என்றது.

மனைவி பெயருக்கு என் கடை விலாசத்தில் நீங்கள் அனுப்பிய மூன்று கடிதங்களையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரிக்கவில்லை. அவற்றை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "தன்கூட வரச் சொல்லி எழுதியிருப்பாருங்கம்மா, ஒரு தடவை படிச்சுத்தான் பாருங்களேன்" என்று நானே கெஞ்சினேன். அதற்கு அவர்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எழுதறது அவருக்குச் சுலபம் அண்ணா. தாளில அவர் எதையும் சொல்லிடுவார், படிக்கிறவங்க நம்பற மாதிரியே சொல்லிடுவார். போலீஸ்கிட்டயும் எழுதித்தான் கொடுத்தார். இங்கே வரட்டும். இந்த அம்மா எதிரே உட்கார்ந்து, அவங்க காலைப் பார்த்துக்கிட்டே, அன்னிக்கு என்ன செஞ்சேன்னு வாயால சொல்லட்டும். நான் பக்கத்துல இருப்பேன். அதுக்கப்புறம் அவரோட போறதா வேண்டாமான்னு யோசிக்கிறேன்."

ஆகவே இனி இந்த விலாசத்துக்குக் கடிதம் போட வேண்டாம் சார். போட்டால் பிரிக்க மாட்டேன். திண்டுக்கல்லில் இறங்கி வத்தலக்குண்டு பஸ்ஸைப் பிடியுங்கள். சேவுகம்பட்டி விலக்கில் இறங்கி, பூக்கார ஜக்கம்மாள் வீடு என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அங்கிருந்து நடைதான்.

சூசைமுத்து